பாரம் கட்டிய கால்

தொடை எலும்பு முறிந்தவரை மல்லாக்கக் கிடத்தி, முறிந்த காலில் கயிறு பூட்டி, கட்டிலின் காலடியில் உள்ள கப்பி வழியாகப் பாரம் தொங்கவிட்டு, எலும்பு பொருந்தும்வரை அப்படியே வைத்திருப்பது இழுவைச் சிகிச்சை. வைத்தியசாலையில் அதற்கு 'ட்ரக்ஷன்' என்று பெயர். யாழ்ப்பாணத்து வீடுகளில் 'பாரம் போட்டுக் கிடத்தியிருக்கினம்' என்றால் விஷயம் விளங்கிவிடும். வளர்ந்தவருக்கு இந்தக் கிடை பத்து முதல் பதினான்கு வாரம் வரை நீளக்கூடும். இத்தனை நாள் ஒரே நிலையில் கிடப்பது உடம்பையும் மனதையும் என்ன செய்கிறது என்பது, எலும்பு எப்படிப் பொருந்துகிறது என்பதைவிடக் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. கடல் கடந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு வரவேண்டிய தீவகத்து மக்களிடம் அதற்கு இன்னொரு கணக்கும் சேர்கிறது.

தொடை எலும்பு உடம்பின் மிக நீளமான எலும்பு. அதைச் சூழ்ந்த தசைகளும் வலிமை மிக்கவை. எலும்பு முழுதாக இருக்கும்வரை அந்தத் தசைகளின் இழுப்புக்கு எதிராக அது நின்றுகொள்ளும். முறிந்ததும் தசைகள் சுருங்கிக் கீழ்த்துண்டை மேலே இழுக்க, ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். கால் சில சென்ரிமீற்றர் குட்டையாகும், பாதம் வெளிப்பக்கம் சரியும், தொடை வீங்கும். வலியால் நோயாளி இறுகுவார், இறுகினால் தசை இன்னும் சுருங்கும், சுருங்கினால் வலி கூடும். இந்தச் சுழலை நிறுத்துவதே பாரத்தின் முதல் வேலை. விடாமல் ஒரே திசையில் இழுக்கும் மெல்லிய விசைக்குத் தசை சிறிது சிறிதாகத் தளர்ந்துகொடுக்கும். துண்டுகள் நேர்கோட்டுக்கு வரும். முதல் இரவைத் தூங்காமல் கழித்தவர் மூன்றாம் நான்காம் இரவில் கண்ணயர்வது இதனால்தான்.

பாரத்தைக் காலோடு பூட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தோல் வழி. முழங்காலுக்குக் கீழே இருபுறமும் ஒட்டுப்பட்டி வைத்து, மேலே பண்டேஜ் சுற்றி, அதிலிருந்து கயிறு எடுப்பார்கள். தோல் ஏறத்தாழ ஐந்து கிலோவுக்கு மேல் தாங்காது, கொப்புளித்து உரிந்துவிடும். ஆகவே சிறுவருக்கும், சில நாள் மட்டும் இழுத்து வைக்க வேண்டியவருக்குமே இது பொருந்தும். மற்றது எலும்பு வழி. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கீழ்க்கால் எலும்பினூடாக ஓர் உருக்கு ஊசியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செலுத்தி, அதன் இரு முனையிலும் வளையம் பூட்டி இழுப்பார்கள். ஊசி வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாகச் செல்லவேண்டும், ஏனென்றால் பாதத்தை மேலே தூக்கும் நரம்பு வெளிப்பக்கத்தில் எலும்பை ஒட்டி ஓடுகிறது. பாரம் உடல் நிறையில் சுமார் பத்தில் ஒன்று. அறுபது கிலோ மனிதருக்கு ஆறு கிலோ.

இழுப்புக்கு எதிரிழுப்பு வேண்டும். இல்லாவிட்டால் நோயாளியே கட்டிலின் காலடிக்கு நகர்ந்து வந்துவிடுவார். அதற்காகக் கட்டிலின் கால்பக்கத்தை ஒரு சாண் அளவு உயர்த்துவார்கள். உடம்பின் நிறையே எதிரிழுப்பாகிறது. தலை தாழ, கால் உயர வாரக்கணக்கில் கிடப்பவருக்குக் கூரையும் மின்விசிறியும் அடுத்த கட்டிலின் விளிம்பும்தான் கண்ணுக்குத் தெரியும். பாரம் நிலத்தைத் தொடக்கூடாது, கயிற்று முடிச்சு கப்பியில் சிக்கக்கூடாது, கட்டிலருகே போகிறவர் பாரத்தை இடிக்கக்கூடாது. தாதியருக்கான பாடநூல்களில் வரும் இந்தச் சின்ன விதிகளுக்குப் பின்னால் நோயாளியின் அனுபவம் இருக்கிறது. இடித்த பாரத்தின் ஆட்டம் கயிற்றினூடாக ஊசிக்கும் ஊசியிலிருந்து முறிவுக்கும் போய்ச் சேரும். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு கட்டிலுக்குக் கீழே குனியும்போதே நோயாளி பல்லைக் கடித்துக்கொள்வார்.

முறிந்த காலை அசையாமல் வைக்கவேண்டும் என்ற அறிவு பழையது. சுசுருத சங்கிதை தொடையோ கீழ்க்காலோ முறிந்தவரைப் பலகையில் கிடத்தி, முளைகள் அடித்து ஐந்து இடத்தில் கட்டிவைக்கச் சொல்கிறது. கபாட சயனம் என்பது அதன் பெயர். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் கி த ஷோலியாக் கப்பியும் பாரமும் கொண்டு தொடையை இழுத்துவைப்பதை எழுதினார். நியூயோர்க்கின் கோர்டன் பக் 1861இல் தோல் வழி இழுவையை ஒழுங்குபடுத்தினார், இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. எலும்பினூடாக ஊசி செலுத்தும் முறையை 1907இல் சுவிற்சர்லாந்தின் ஃப்ரிட்ஸ் ஸ்ரைன்மானும், மெல்லிய கம்பியால் அதையே செய்வதை 1909இல் ஜேர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னரும் கொண்டுவந்தனர்.

யாழ்ப்பாணத்தில் மேலைச் சத்திரவைத்தியம் தமிழில் நூலாக வந்தது 1867இல். மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ட்ரூயிற்றின் சத்திரவைத்தியக் கைநூலை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் தமிழாக்கி அச்சிட்டார். 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தியவர் அவர். அந்த நூல் வருமுன்னரே, 1850இல், யாழ். நகரில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் தொடங்கிய ஆசுப்பத்திரிதான் இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் மூலம். ஆனால் தீவகத்துச் சாதாரண வீட்டில் கால் முறிந்தால் முதலில் நினைவுக்கு வந்தவர் நெடுங்காலம் முறிவு நெரிவு வைத்தியரே. எண்ணெய், பத்து, மூங்கிற் சிம்பு, துணிக்கட்டு என்று அவர் கையாண்டது கை முறிவுக்கும் கணைக்கால் முறிவுக்கும் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. தொடை முறிவு வேறு வகை. வெளியே சிம்பு வைத்து எவ்வளவு இறுகக் கட்டினாலும் தொடைத் தசையின் இழுப்பை அது வெல்லாது. குட்டையாகப் பொருந்திய கால்கள் பழைய தலைமுறையில் அவ்வளவு காணப்பட்டதற்குக் கட்டியவரின் திறமைக்குறைவை மட்டும் காரணம் காட்டுவது நியாயமில்லை. இழுப்பு இல்லாத கட்டு அங்கே என்றுமே போதாது.

தீவகத்தில் தொடை முறிவதற்கு நீண்டகாலமாகவே தனிக்காரணம் ஒன்று உண்டு. அது பனை. இருபது மீற்றருக்கு மேல் வளரும் மரத்தில் தளைநாரைக் காலில் மாட்டி நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் சீவல் தொழிலாளி வழுக்கினால் முதுகெலும்போ இடுப்போ தொடையோ முறியும். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குப் பண்ணைப் பாலமும் அதன்பின் வரும் தாம்போதிகளும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றிலிருந்து கடல்வழியே வரவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதன்பின் தரைவழியே யாழ். நகர். அவசர நோயாளரைக் கடற்படைப் படகுகள் ஏற்றிவருவதும் உண்டு. தீவுகளில் வைத்தியசாலைகள் இருந்தாலும் எலும்புச் சத்திரசிகிச்சைக்கு யாழ்ப்பாணம்தான் போகவேண்டும்.

இந்தப் பயணத்தில்தான் இழுவையின் உயிர்காக்கும் முகம் தெரிகிறது. மூடிய தொடை முறிவு ஒன்றில் ஒரு லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை குருதி தொடைக்குள்ளேயே கசிந்துவிடும். வெளியே ஒரு துளியும் தெரியாது. சோளகக் காற்றில் படகு எழுந்து விழும்போது கூரான எலும்பு முனைகள் உள்ளே தசையை அறுக்கும், கசிவு கூடும், எலும்பு மச்சையின் கொழுப்புத் துளிகள் குருதியில் கலந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்தும் கூடும். இந்தக் கொழுப்படைப்பு முறிவுக்குப்பின் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் மூச்சுத்திணறலும் மனக்குழப்பமுமாக வெளிப்படும். ஆகவே படகில் ஏற்றுமுன்பே காலை இழுத்துக் கட்டுவது அவசியம். கப்பியும் தொங்கும் பாரமும் படகில் ஆகாது. அங்கே வேண்டியது இழுப்பும் எதிரிழுப்பும் ஒரே சட்டத்துக்குள் முடியும் கருவி.

அந்தக் கருவி லிவர்ப்பூலில் பிறந்தது. ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891) முழங்கால் காசநோய்க்காக 1870களில் செய்த சட்டம் அது. தொடை அடியில் பொருந்தும் தோலுறையிட்ட வளையம், அதிலிருந்து பாதத்துக்கு அப்பால்வரை நீளும் இரண்டு இரும்புக் கம்பிகள், அவ்வளவுதான். காலின் கட்டைச் சட்டத்தின் அடிமுனையில் கட்டினால் வளையம் இடுப்பில் முட்டி எதிரிழுப்பைத் தரும். அவருடைய உறவினரும் மாணவருமான ரொபேர்ட் ஜோன்ஸ் முதலாம் உலகப்போரில் இதைப் பரப்பினார். போரின் தொடக்கத்தில் தொடைமுறிவுக் காயம்பட்டோரில் நூற்றுக்கு எண்பது பேர் இறந்தார்கள், 1917இல் அது பதினாறளவுக்கு இறங்கியது என்பது பாடநூல்கள் அலுக்காமல் சொல்லும் கணக்கு. முதல் எண்ணைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். சட்டம் ஏராளமான உயிர்களைக் காத்தது என்பதில் சர்ச்சையில்லை. மரப்பலகையும் சால்வையும் கொண்டு முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டுவதுகூட ஒன்றும் செய்யாமல் படகேற்றுவதைவிடப் பெரிதும் மேல்.

விடுதியில் பாரம் தொங்கவிட்டபின் எலும்பு தன் வேலையைத் தொடங்குகிறது. முறிவைச் சுற்றி உறைந்த குருதி, அதில் வளரும் நுண்குழாய்கள், இரண்டு மூன்று வாரத்தில் மென்மையான இணைப்புத் திசு, ஆறாம் வாரத்துக்குப் பிறகு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் புது எலும்பு என்று அது போகும். குழந்தைகளுக்கு இவையெல்லாம் விரைவில் நடக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ நான்கு வாரம் போதும். இரண்டு முதல் பத்து வயதுக்கு உட்பட்டவரில் முறிந்த தொடை எலும்பு ஒட்டியபின் மற்றக் காலைவிட ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக வளரும் என்பதால், துண்டுகள் அந்த அளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வைத்தியர்கள் வேண்டுமென்றே விடுவதுண்டு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்து 'பொருத்தமில்லாமல் இருக்கு' என்று கலங்கும் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொன்னால் பாதிக் கவலை தீரும்.

எலும்பு இப்படித் தேற, உடம்பின் ஏனைய பகுதிகள் இழக்கத் தொடங்குகின்றன. முழு அசைவின்மையில் தசையின் வலிமை வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து வீதம் குறையும் என்பது மறுவாழ்வு மருத்துவத்தில் வழங்கும் கணக்கு. 1948இல் வெளியான ஆய்வொன்றில் டீற்றிரிக், வீடன், ஷோர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஆரோக்கியமான நான்கு இளைஞரை இடுப்பிலிருந்து கீழே பிளாஸ்ரர் கட்டில் ஆறேழு வாரம் வைத்துப் பார்த்தனர். நோய் எதுவும் இல்லாத அவர்களின் சிறுநீரில் கல்சியம் வெளியேறுவது வாரத்துக்கு வாரம் ஏறி, பழைய அளவைப் போல இரு மடங்கை எட்டியது. நைதரசனும் வெளியேறியது, அதாவது தசை கரைந்தது. 1966இல் டல்லஸில் இருபது வயதையொட்டிய ஐந்து இளைஞர் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தபோது உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கால்வாசிக்கும் மேல் குறைந்தது. அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரக் கிடை செய்த சேதம் அதிகமாக இருந்தது. காலில் ஊசியோடு பன்னிரண்டு வாரம் கிடக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு என்ன ஆகும் என்பதை இதிலிருந்து கணிக்கலாம்.

எலும்பிலிருந்து கரைந்த கல்சியம் சிறுநீரகம் வழியே போகிறது. மல்லாந்து கிடப்பவரின் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் முழுதாக வடிவதில்லை, அதனால் கல் சேரும். இதற்கு மருந்து நிறையத் தண்ணீர். ஆனால் இங்கேதான் உடலியலை வெட்கம் குறுக்கிடுகிறது. திறந்த விடுதியில், திரைச்சீலைக்குப் பின்னால், இன்னொருவர் உதவியோடு பெட்பானில் இருப்பது வளர்ந்த மனிதருக்கு எளிதன்று. இழுவையில் இருப்பவர் இடுப்பைத் தூக்கினால் தொடையிலும் வலி எழும். ஆகவே பலர் தண்ணீரையும் சோற்றையும் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள். 'பசிக்கேல்லை' என்பார்கள். விளைவு மலச்சிக்கல், செறிந்த சிறுநீர், கல், புது எலும்புக்கு வேண்டிய புரதத்தின் குறைவு. இதற்காகவே ஒரு பக்கம் தட்டையான பெட்பான் இருக்கிறது, இடுப்பை அதிகம் தூக்காமல் நுழைக்கலாம். தலைக்கு மேலே சங்கிலியில் தொங்கும் கைப்பிடியும் இருக்கிறது, நோயாளி தானே எம்பலாம். இந்த இரண்டு பொருளும் திரைச்சீலை ஒன்றும் நோயாளியின் உணவை எந்த அறிவுரையையும்விடக் கூட்டும்.

தோலின் கதை மணிக்கணக்கில் நடப்பது. தோலின் நுண்குழாய்களுக்குள் குருதியழுத்தம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் பாதரசம் என்று 1930இல் உடலியலாளர் லண்டிஸ் அளந்தார். படுக்கையின் அழுத்தம் அதைவிட நீண்டநேரம் கூடியிருந்தால் அவ்விடத்தில் குருதி ஓடாது, திசு சாகும். மற்ற நோயாளரை இரண்டு மணிக்கொருமுறை பக்கம் திருப்பிவிடலாம். பாரம் கட்டியவரைத் திருப்ப முடியாது. அவருடைய வால் எலும்பும் நல்ல காலின் குதியும் தோள்பட்டையும் பின்மண்டையும் எந்நேரமும் மெத்தையில். நல்ல காலின் குதி ஏன் என்றால், உடம்பை எம்ப அவர் அதைத்தான் ஊன்றுவார். புண்ணாவதற்கு முன் தோல் சிவக்கும், கருந்தோலில் அது கருமையாகவோ சூடாகவோ மட்டும் தெரியும். எரிச்சலும் கடியும் முதலில் வரும். அந்தக் கடியை முறைப்பாடாக எடுத்து மெத்தை விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்துவிடும் தாதி பெரிய சத்திரசிகிச்சை ஒன்றைத் தவிர்த்துவிடுகிறார்.

குருதியும் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைத்தசை சுருங்கிச் சுருங்கிக் குருதியை மேலே தள்ளும். கிடப்பவரில் அந்தத் தள்ளல் இல்லை. குருதி தேங்குவது, குருதிக்குழாயின் உட்சுவர் கெடுவது, குருதி இலகுவில் உறையும் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் குழாய்க்குள் கட்டி உறையும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மானிய வைத்தியர் விர்ஹோ தந்த விளக்கத்தின் சாரம். தொடை முறிந்து கிடப்பவருக்கு மூன்றும் உண்டு. அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் திடீர் மரணம். நுரையீரலின் அடிப்பகுதியும் மல்லாந்த கிடையில் விரிவதில்லை, சளி தேங்கிக் காய்ச்சல் வரும், முதியோருக்கு அதுவே எமனாகும். இலண்டன் வைத்தியர் ரிச்சர்ட் ஆஷர் 1947இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் படுக்கையின் ஆபத்துகளை நகைச்சுவையோடு அடுக்கி எழுதினார். அதுவரை படுக்கை என்றால் மருந்து என்றே வைத்தியமும் நம்பியிருந்தது.

இன்னொரு ஆபத்து சிறியதாகத் தோன்றும். பாதம் வெளிப்பக்கம் சரிந்தால் முழங்காலுக்குக் கீழே வெளி எலும்பின் கழுத்து மெத்தையிலோ சட்டத்திலோ அழுந்தும். அங்கே ஓடும் நரம்பு நசுங்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும். எலும்பு அழகாகப் பொருந்திய பிறகும் பாதத்தை இழுத்து இழுத்து நடக்கும் மனிதர்கள் இதனால் உருவானார்கள். காலின் விரலை அசைத்துக் காட்டச் சொல்லி வைத்தியர் நாள்தோறும் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல.

மனதின் அனுபவத்துக்கு எக்ஸ்ரே இல்லை, ஆனாலும் அது சீரற்றதல்ல. முதல் வாரம் வலியின் வாரம். தூக்கம் பிடிக்கும் அந்தக் கணத்தில் தொடைத் தசை திடுக்கிட்டுத் துள்ளும், நோயாளி விழித்துவிடுவார், மறுபடி தூங்கப் பயப்படுவார். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வலி தணிந்து, அதன் இடத்தில் பொழுதுபோகாமை வந்து உட்காரும். சாப்பாட்டு நேரம், வைத்தியர் சுற்றிவரும் நேரம், பார்வையாளர் நேரம் ஆகிய மூன்றும்தான் நாளின் கடிகாரம். நடுவில் உள்ள மணிகள் நீளும். ஐந்தாம் ஆறாம் வாரங்களில் எரிச்சலும் அழுகையும் வருவதைத் தாதியர் அறிவார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் எழும்ப முடியாது. பிறர் பார்வைக்கு நோயாளி நன்றாக இருக்கிறார், உள்ளே அவருக்குத் தாங்கவில்லை. இந்தக் கட்டத்தில்தான் சிலர் கயிற்றைத் தாங்களே கழற்றிவிடுவதும் வீட்டுக்குப் போகக் கேட்பதும் நடக்கும்.

நெடுநாள் அசையாத கால் தன்னுடையதாகவே தோன்றாமல் போவதும் உண்டு. நரம்பியல் வைத்தியர் ஒலிவர் சாக்ஸ் 1974இல் நோர்வேயின் மலையொன்றில் விழுந்து இடது தொடைத்தசை அறுந்து சத்திரசிகிச்சை பெற்றபின், அந்தக் கால் அந்நியப் பொருளாகிவிட்டதை உணர்ந்து 1984இல் ஒரு நூலே எழுதினார். மூளை தன் உறுப்பை அறிவது தசையும் மூட்டும் இடைவிடாது அனுப்பும் செய்திகளால். செய்தி நின்றால் மூளை வைத்திருக்கும் வரைபடம் மங்கும். பாரத்தில் கிடந்து முதன்முறை எழும்பியவர்கள் 'கால் என்ரை இல்லை மாதிரி இருக்கு' என்று சொல்வதை மிகையென்று தள்ளிவிடக்கூடாது.

தீவகத்து நோயாளிக்குக் கிடையின் பாதிச் சுமை வைத்தியசாலைக்கு வெளியே இருக்கிறது. இலங்கையில் அரச வைத்தியசாலையில் கட்டில், மருந்து, சத்திரசிகிச்சை யாவும் இலவசம். ஆனால் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு அப்படியில்லை. நெடுந்தீவிலிருந்து வந்தவரைப் பார்க்க வருபவர் படகு நேரத்தைப் பார்த்து வரவேண்டும், படகு நேரத்தைப் பார்த்துத் திரும்பவேண்டும். பார்வையாளர் நேரம் மாலையில் இருந்தால் அன்றிரவு யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கவேண்டும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் கட்டிலுக்கு ஆளே வராது. மனைவி வைத்தியசாலையில் நின்றால் ஆடுமாட்டையும் பிள்ளைகளையும் பார்ப்பது யார், கணவன் கிடந்தால் வலை வீசுவது யார் என்ற கேள்விகள் பன்னிரண்டு வாரமும் நீடிக்கும். மலாவியின் லிலொங்வே நகரில் கமுசு மத்திய வைத்தியசாலையில் இழுவையில் கிடந்தோரையும் அவர்களைப் பராமரித்த பணியாளரையும் பேட்டிகண்ட ஆய்வொன்று இதேபோல நீடித்த வலியையும் குடும்பத்தின் நெருக்கடியையும் சேர்த்தே பதிவுசெய்தது. செலவு குறைந்த சிகிச்சை என்று இழுவையைச் சொல்வது வைத்தியசாலையின் கணக்குப்புத்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் பேச்சு.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் இந்தக் கிடைக்கு வேறொரு பயமும் சேர்ந்தது. 1990 ஓகஸ்டில் தீவகத்தில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையோடு பெருந்தொகையானோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். அந்த ஆண்டிலேயே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பல பொருள்களுக்குத் தடையும் வந்தது. மின்சாரமும் எக்ஸ்ரேயும் உலோக ஆணிகளும் சீராகக் கிடைக்காத இடத்தில் கயிறு, கப்பி, பாரம் ஆகிய மூன்றும் இருந்தால் நடக்கும் சிகிச்சை எவ்வளவு பெரிய கொடை என்பது அப்போதுதான் தெரியும். மணல்மூட்டையும் நீர் நிரப்பிய கலனும் பாரமாகலாம், ஐந்து லீற்றர் தண்ணீர் ஐந்து கிலோ. ஆனால் விமானச் சத்தம் கேட்டதும் எழும்பக்கூடியவர்கள் பதுங்குகுழிக்கு ஓட, பாரம் கட்டியவர் கிடந்த இடத்திலேயே கிடப்பார். 1990இல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு யாழ். வைத்தியசாலையைச் சூழப் பாதுகாப்பு வலயம் ஏற்படுத்தியதன் அர்த்தம் ஓடமுடியாத இந்த நோயாளரை நினைத்தால்தான் முழுதாக விளங்கும்.

அசைவின்மையின் கேடுகளுக்கு மாற்று இழுவைக்குள்ளேயே தேடப்பட்டது. இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையின் ஜோர்ஜ் பேர்கின்ஸ் சட்டங்களையெல்லாம் நீக்கி, மெத்தையின் அடிப்பாதியை இறக்கிவிடக்கூடிய கட்டிலில் நோயாளியை உட்காரவைத்து, பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலை மடக்கி நீட்டச் செய்தார். முறிவின் நீளத்தையும் கோட்டையும் பாரம் பார்த்துக்கொள்ளும், மூட்டும் தசையும் வேலை செய்யட்டும் என்பது அவர் நோக்கு. அசைவால் முறிவு கெடவில்லை. புது எலும்பு திரண்டு வளர்ந்தது, முழங்கால் இறுகவில்லை. வறிய நாடுகளின் வைத்தியசாலைகள் பல இன்றும் இதைக் கையாள்கின்றன. பேர்கின்ஸ் கட்டில் இல்லாத இடத்திலும் செய்யக்கூடியவை உண்டு. மணிக்கொருமுறை பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலை அசைக்காமலே தொடைத்தசையை இறுக்கித் தளர்த்தல், கைப்பிடியைப் பிடித்து எம்புதல், ஆழமூச்சு. எதற்கும் காசு வேண்டாம். 'அசையாமல் கிடவுங்கோ' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போவதுதான் நோயாளிக்கு நாம் செய்யும் கெடுதல்.

இழுவையின் ஆட்சியை முடித்தது எலும்பின் குழலுக்குள் நெடுக ஆணி இறக்கும் முறை. ஜேர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய கெர்ஹாட் குன்ச்சர் 1940இல் அதை அறிவித்தார். இன்று தொடை முறிந்தவர் ஆணி பூட்டிய சில நாளிலேயே ஊன்றுகோலோடு எழும்புகிறார். உடனுக்குடன் படம் காட்டும் எக்ஸ்ரே கருவி இல்லாத சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கென்றே வடிவமைத்த ஆணியை லூயிஸ் சேர்க்கிள் என்ற அமெரிக்கர் நிறுவிய 'சைன்' அமைப்பு 1999 முதல் வறிய நாடுகளுக்கு வழங்கிவருகிறது. இலங்கையின் பெரிய வைத்தியசாலைகளிலும் இப்போது சத்திரசிகிச்சையே வழக்கம். பாரம் கட்டுவது சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் நாள்களுக்கும், சிறுவருக்கும், மயக்கமருந்து தாங்காத உடம்புக்காரருக்கும் என்று சுருங்கிவிட்டது. இடுப்பு முறிந்த முதியோருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் பழக்கத்தால் கட்டிய பாரம் வலியைக் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று கொக்ரேன் மீளாய்வு 2011இல் சொன்னது.

பாரம் அவிழ்க்கும் நாள் சிகிச்சை முடியும் நாளன்று. வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்தவரை எழுப்பினால் குருதி காலுக்கு இறங்கி, கண் இருண்டு, மயக்கம் வரும். ஆகவே முதலில் தலைப்பக்கத்தை உயர்த்தி, பின் கால் தொங்கவிட்டு உட்காரவைத்து, அதன்பின்தான் நிறுத்துவார்கள். ஊன்றுகோலில் முறிந்த காலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுப்பார்கள். பெரிய தடை முழங்கால். சமதரையில் நடக்க அது அறுபத்தைந்து பாகையளவு மடங்கினால் போதும். படியேறத் தொண்ணூறை நெருங்கவேண்டும். குந்தியிருக்க நூற்றிருபதுக்கு மேல். ஆட்டும் படகிலிருந்து இறங்குதுறைப் படியில் கால் வைக்கவும் கிணற்றடியில் குந்திக் குளிக்கவும் இவையெல்லாம் தேவை. இயன்மருத்துவரிடம் வாரம் இருமுறை வரச்சொன்னால் நெடுந்தீவுக்காரருக்கு அது இரண்டு கடற்பயணம். எனவே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலைத் தொங்கவிட்டு, நல்ல காலால் மற்றதை மெல்ல அழுத்தி மடக்கும் பயிற்சியை விடுதியிலேயே கற்பித்து அனுப்புவது பலனளிக்கும். மீனவர் சில மாதத்தில் வள்ளம் ஏறலாம். பனையேற முழங்கால் முழுக்க மடங்கவேண்டும், தளைநாரில் இரு காலும் சமமாக ஊன்றவேண்டும், காலின் நீளம் ஒரு சென்ரிமீற்றர் குறைந்தாலும் மரத்தில் தெரியும். ஆகையால் சீவல் தொழிலாளிக்கு வேலைக்குத் திரும்பும் நாளை எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் குறிக்கமுடியாது. அவர் குந்தி எழும்புவதையும் பார்க்கவேண்டும்.